கேப்பர் மலைக்கும் சேர்த்து ஒரு கணக்கு

வெள்ளம் எங்கெங்கே பரவும் என்று கணினியில் பார்க்கும் கணக்கு என்னவோ ஒரே வரிதான்:

புதிய ந = ந + க × (வ + தெ + கி + மே − 4 × ந)

நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறோம். நடுக்கட்டம் ந. அதன் நீர்மட்டத்தை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கில் இருக்கும் நான்கு கட்டங்களோடு ஒப்பிட்டுக் கொஞ்சம் சமன் செய்கிறோம். க ஒரு மாறிலி. அது கால் பங்கைத் தாண்டினால் கணக்கு வெடித்துவிடும், எண்கள் கட்டுக்கடங்காமல் எகிறும். இதையே திருப்பித் திருப்பிச் செய்தால் திரையில் தண்ணீர் பரவும். நிஜமான வெள்ள மாதிரியில் தரை உயரம், உராய்வு, மழை, கடல்மட்டம் எல்லாம் வந்து சேரும். ஆனாலும் கணினிக்கு வலிக்கிற இடம் இந்த வரியிலேயே இருக்கிறது, அதனால் இதை வைத்தே பேசுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்தார்கள், தென்பெண்ணை கடலூருக்குள் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எல்லாருக்கும் வெள்ள வரைபடம் வேண்டியிருக்கிறது. மனை வாங்குகிறவர் கேட்கிறார், கிடங்கு கட்டுகிறவர் கேட்கிறார். மஞ்சக்குப்பத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து நீரியல் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. புதுச்சேரியில் ஒரு சின்ன சர்வே அலுவலகத்துத் தம்பி பைத்தான் மொழியும் அதில் எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) நூலகமும் வைத்து ஒரு மாதிரி எழுதியிருந்தான். அழகாக எழுதியிருந்தான், அதைச் சொல்லியாக வேண்டும். கட்டம் கட்டமாகத் திரும்பத் திரும்பச் சுற்றும் லூப் ஒன்றுகூட இல்லை. மேலே இருக்கும் வரி கிட்டத்தட்ட அப்படியே நிரலில் இருந்தது.

"அக்கா, 30 மீட்டர் கட்டத்துல பறக்குது. 5 மீட்டர் போட்டா நகரவே மாட்டேங்குது. பதினாறு கோர் மெஷின் ஒண்ணு வாங்கிட்டா முடிஞ்சிடும்ல?"

"வாங்கேன். ஒரு கோர் வேலை செய்யும், பதினஞ்சு வேடிக்கை பாக்கும்."

கிண்டலுக்குச் சொல்லவில்லை. கோர் என்பது சிப்புக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பிரிவு. நம்பையில் இரண்டு அரேக்களை, அதாவது எண் அடுக்குகளை, கூட்டினால் அந்த வேலை ஒரே கோரில்தான் நடக்கும். பல பேர் இதை நம்ப மாட்டார்கள். "நான் பார்த்தேனே, எல்லா கோரும் ஓடுச்சே" என்பார்கள். அவர்கள் பார்த்தது மேட்ரிக்ஸ் பெருக்கலை. அந்த வேலை ஓபன்பிளாஸ் மாதிரியான நூலகத்துக்குப் போகிறது, அது எல்லா கோரையும் எழுப்பும். எழுப்பினால் பலனும் உண்டு, ஏனென்றால் மேட்ரிக்ஸ் பெருக்கலில் ஒரு எண்ணை ஒருமுறை உள்ளே கொண்டுவந்தால் நூற்றுக்கணக்கான தடவை பயன்படுத்தலாம். தரவு இருமடிக் கணக்கில் வளர்ந்தால் வேலை மும்மடிக் கணக்கில் வளரும். கணினி விற்பவர்கள் பல நேரம் அந்தக் கணக்கை ஓட்டியே வேகம் காட்டுவதும் இதனால்தான். வெள்ளக் கணக்கு அந்த ஜாதி இல்லை. ஒரு எண்ணை எடுக்கிறோம், ஐந்தாறு தடவை தொடுகிறோம், வைத்துவிடுகிறோம்.

பேனாவை எடுங்கள். 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் பரப்பு, 5 மீட்டர் கட்டம். 4000-ஐ 4000-ஆல் பெருக்கினால் 1 கோடியே 60 லட்சம் கட்டங்கள். ஒரு எண்ணுக்கு 8 பைட் என்றால் ஒரு அரே 128 எம்பி. தம்பியிடம் இருப்பது டிடிஆர்4-3200 மெமரி, இரண்டு சேனல். காகிதத்தில் அதன் உச்சம் விநாடிக்கு 51.2 ஜிபி. உச்சம் நிஜத்தில் கிடைக்காது, ஆனால் கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஒரு அரேயை ஒருமுறை படிக்க 2.5 மில்லிவிநாடி.

இப்போது நம்பை அந்த ஒரு வரியை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். வ-வையும் தெ-வையும் கூட்டி ஒரு தற்காலிக அரேயில் முழுசாக எழுதும். அதை மறுபடி முழுசாகப் படித்து கி-யைக் கூட்டும். மறுபடி எழுதும். மறுபடி படித்து மே. பிறகு 4 × ந தனியாக ஒரு அரே. கழித்தல். க-வால் பெருக்கல். கடைசியில் ந-வோடு கூட்டல். ஏழு செயல்கள். இரண்டு அரேக்களைத் தொடும் செயல் என்றால் இரண்டு படிப்பும் ஒரு எழுத்தும். ஒற்றை எண்ணோடு பெருக்குவது என்றால் ஒரு படிப்பும் ஒரு எழுத்தும். கூட்டினால் 19. அதாவது கண்ணுக்கு ஒரே வரியாகத் தெரிவது 128 எம்பியை 19 தடவை மெமரிக்கும் சிப்புக்கும் இடையில் நடக்க விடுகிறது. சுமார் 2.4 ஜிபி. 47 மில்லிவிநாடி. இவ்வளவும் ஒரே ஒரு காலப் படிக்கு, அதாவது அந்த வரியை ஒருமுறை ஓட்ட.

கணக்குப் போடும் நேரம் எவ்வளவு? கட்டத்துக்கு ஏழு செயல், மொத்தம் 11 கோடியே 20 லட்சம். 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே கோர், ஏவிஎக்ஸ்2 (ஒரே கட்டளையில் பல எண்களைச் செய்யும் வசதி) வைத்து ஒரு துடிப்புக்கு நான்கு எண்கள் செய்கிறது என்று குறைத்தே போட்டாலும், 9 மில்லிவிநாடியில் முடித்துவிடும். மீதி நேரமெல்லாம் காத்திருப்பு. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் இறக்கும்போது பார்த்திருப்பீர்கள். படகுக்கும் மேடைக்கும் நடுவில் ஒரே பலகை என்றால், கூடை தூக்க இருபது பேர் நின்றாலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும். கோர்களைக் கூட்டுவது ஆட்களைக் கூட்டுவது. பலகை அகலமாவதில்லை.

30 மீட்டர் கட்டத்தில் பறந்த ரகசியமும் இதிலேயே இருக்கிறது. அதே பரப்பு அங்கே ஏறக்குறைய 667-க்கு 667 கட்டங்கள், ஒரு அரே சுமார் 3.6 எம்பி. அவன் சிப்பில் 16 எம்பி கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி, இருக்கிறது. தற்காலிக அரேக்களோடு சேர்த்து எல்லாம் சிப்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது, மெமரிக்குப் போகும் வேலையே இல்லை. சின்னக் கட்டத்தில் ஓட்டிப் பார்த்து, அதைப் பெருக்கிப் பெரிய கட்டத்துக்கு நேரம் மதிப்பிடுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள்.

பெருக்கினாலே தலை சுற்றும், அது வேறு. கட்டத்தின் பக்கத்தை ஆறில் ஒன்றாக்கினால் கட்டங்கள் 36 மடங்கு. கால் பங்கு என்ற அந்த எல்லை இருக்கிறதே, அதனால் காலப் படியும் 36 மடங்கு சின்னதாக வேண்டும். மொத்தம் 1,296 மடங்கு வேலை. இத்தனைக்கும் அவன் கையில் இருந்த உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் விண்ணோடம் எடுத்த எஸ்ஆர்டிஎம். அதன் கட்டமே 30 மீட்டர்தான், அதன் உயரப் பிழைக்கு எடுத்தவர்களே வைத்த வரம்பு 16 மீட்டர். கடற்கரையோரத் தேவனாம்பட்டினத்தில் 16 மீட்டர் பிழை என்றால் வங்கக் கடலுக்குள்ளே வீடு கட்டுகிற மாதிரி. அதை 5 மீட்டராக நறுக்கினால் படம் வழவழப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, வேகத்துக்கு வருவோம். ஏழு செயல்களையும் ஒரே நடையில் செய்தால்? ஒரு கட்டத்துக்குப் போனதும் அதன் நான்கு அண்டைகளையும் அப்போதே எடுத்து, முழுக் கணக்கையும் சிப்புக்குள் முடித்து, விடையை மட்டும் எழுதுவது. ஒரு வரிசைக்கு 32,000 பைட். மூன்று வரிசை 96,000. இது இரண்டாம் நிலைக் கேஷில் அடங்கிவிடும், எனவே வடக்கும் தெற்கும் இலவசம். ந-வை ஒருமுறை படிக்கிறோம், புதிய ந-வை ஒருமுறை எழுதுகிறோம். 19 நடை இரண்டு நடையாகிறது. 47 மில்லிவிநாடி 5 ஆகிறது. எழுதுவதற்கு முன்னால் அந்த இடத்தைக் கேஷுக்கு இழுத்துவரும் செலவைச் சேர்த்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஏறும், விகிதம் அதிகம் மாறாது.

இந்த நிலையில்தான் இரண்டாவது கோருக்கு வேலை வருகிறது என்பதைக் கவனியுங்கள். மெமரிக்கு 5, கணக்குக்கு 9. இரண்டு கோர் போட்டால் கணக்கு 4.5 ஆகும், சமமாகிவிடும். மூன்றாவது கோர் மறுபடியும் பலகைக்கு முன்னால் நிற்கும். அவன் கணினியில் நம்பாவை (Numba: பைத்தான் நிரலை எந்திர மொழியாக்கும் கம்பைலர், நம்பை வேறு) வைத்து எழுதி ஓட்டியபோது வேகத்தின் கோடு ஏறக்குறைய இப்படியே வந்தது: இரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) வரை நன்றாக ஏறியது, பிறகு படுத்துவிட்டது. அம்டால் விதியை 1967-இலிருந்து எல்லாப் பாடத்திலும் சொல்லித் தருகிறார்கள். நிரலில் 5 சதவீதம் தனியாள் வேலை என்றால் எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்குக்கு மேல் போகாது என்பது. நல்ல விதி. ஆனால் என் அனுபவத்தில் அந்தச் சுவரை முட்டுவதற்கு ரொம்ப முன்னாலேயே மெமரிச் சுவரில் முட்டிவிடுகிறோம்.

நம்பாவில் எழுதியது என்ன? லூப். இரண்டு லூப், ஒன்றுக்குள் ஒன்று. தம்பிக்கு மனசே ஆறவில்லை. "லூப்பே எழுதக் கூடாதுன்னு தானே அக்கா சொல்லிக் குடுத்தாங்க?" சொல்லிக் கொடுத்தவர்கள் பைத்தானின் மெதுவான லூப்பைச் சொன்னார்கள். கம்பைலர் எந்திர மொழியாக்கிய லூப் வேறு.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அரே மொழிகளின் கனவு பழையது, பெரியதும்கூட. ஹார்வர்டில் கென்னத் ஐவர்சன் பலகையில் எழுதிப் பாடம் நடத்த உருவாக்கிய குறியீடு 1962-இல் புத்தகமாக வந்தது, 1966-இல் ஐபிஎம் 360 இயந்திரத்தில் ஏபிஎல் என்ற மொழியாக ஓடியது. 1979-இல் அவருக்கு டூரிங் விருது. எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று நீ சொல்லாதே, என்ன வேண்டும் என்று மட்டும் சொல் என்பது அதன் சாரம். வரிசையைச் சொல்லாததால் இயந்திரம் தன் இஷ்டத்துக்கு ஒரே நேரத்தில் பல இடத்தில் செய்துகொள்ளலாம். இணைக் கணிப்புக்கு இதைவிடத் தோதான பேச்சு கிடையாது. ஆனால் வரிசையோடு சேர்த்து விலையையும் மறைத்துவிட்டார்கள்.

1993-இல் வந்த ஹை பெர்ஃபார்மன்ஸ் ஃபோர்ட்ரான் இதில் நன்றாக அடிபட்டது. அரேக்களை எந்தெந்த இயந்திரத்துக்குப் பங்கு போட வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும், மீதியைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு வரிகளில் ஒன்று சும்மா ஓடும், இன்னொன்று வலைப்பின்னல் முழுக்கத் தரவைக் கொட்டும். எது எது என்று வரியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஒரேயடியாகத் தோற்றது என்றும் சொல்ல மாட்டேன். 2002-இல் ஜப்பானின் எர்த் சிமுலேட்டர் சூப்பர் கணினியில் அதே மொழியில் எழுதிய கணக்கு ஒன்று கார்டன் பெல் பரிசு வாங்கியது. ஆனால் ஊர் மொத்தமும் எம்பிஐ பக்கம் போய்விட்டது. எல்லாச் செய்தியையும் கையால் அனுப்பு, கையால் வாங்கு.

எனக்குப் பிடித்தது அதே தசாப்தத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஸ்னைடர் குழு செய்த இசட்பிஎல் மொழி. அதில் வடக்குக் கட்டம் வேண்டும் என்றால் அரே பெயருக்குப் பக்கத்தில் @ போட்டு 'வடக்கு' என்று எழுத வேண்டும். @ இருந்தால் பக்கத்து இயந்திரத்தோடு பேச்சு இருக்கிறது. எந்தக் குறியும் இல்லை என்றால் பேச்சே இல்லை. தரவை இஷ்டத்துக்குக் கலைத்து அடுக்க இன்னொரு குறி, அது ரொம்ப விலை. நிரலைப் படித்தாலே எங்கே காசு போகிறது என்று தெரியும். அவர்கள் எடுத்துக்காட்டாகக் காட்டுவதும் நம்முடைய இதே நான்கு அண்டைக் கணக்கைத்தான். அந்தக் குழுவில் இருந்த பிராட் சேம்பர்லேன் பிற்பாடு க்ரே நிறுவனத்தில் சேப்பல் மொழிக்குப் போனார். இன்றைக்கு ஜூலியா மொழியில் செயலுக்கு முன்னால் வைக்கிற புள்ளி அந்த வழியில் வந்த நல்ல பிள்ளை என்று நான் நினைத்துக்கொள்வேன்: புள்ளி வைத்த செயல்கள் எல்லாம் ஒரே லூப்பாக இணையும் என்பது மொழியே தரும் வாக்கு, கம்பைலரின் கருணை கிடையாது. கோபன்ஹேகனில் செய்த ஃபியூதார்க் மாதிரியான மொழிகளில் இந்த இணைப்பைக் கம்பைலரே முனைந்து தேடுகிறது. நம்பையில் இரண்டும் இல்லை. அதில் ஒரு வரி எழுதுகிறவர் பக்கத்தில் தாளை வைத்து நடைகளை எண்ணித்தான் ஆக வேண்டும்.

நடை எண்ணுவதோடும் முடியவில்லை. எல்லாக் கட்டத்திலும் தண்ணீர் இருப்பதில்லையே. உலர்ந்த கட்டத்துக்கு ஒரு சூத்திரம், நனைந்ததற்கு வேறு. அரே மொழியில் 'இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்றால் இரண்டையும் எல்லாக் கட்டத்துக்கும் கணக்கிட்டு, பிறகு வேண்டியதைப் பொறுக்கி எடுக்கும். வேகம் கண்டுபிடிக்க ஓட்டத்தை ஆழத்தால் வகுக்க வேண்டும். உலர்ந்த இடத்தில் ஆழம் பூஜ்யம். வகுத்ததும் திரையில் எச்சரிக்கை. தம்பி அந்த எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருந்தான். கடலூரை ஒட்டிய கேப்பர் மலையில் எந்தக் காலத்திலும் வெள்ளம் ஏறப்போவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு காலப் படியிலும் அந்த மலை முழுவதற்கும் வேகம் கணக்கிட்டு, குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது நிரல்.

இதற்கு வழி, பரப்பைச் சின்னச் சின்ன சதுரங்களாக வெட்டி, தானும் அக்கம்பக்கமும் உலர்ந்திருக்கும் சதுரத்தைத் தாண்டிவிடுவது. தாண்டினோம். உடனே அடுத்தது கிளம்பியது. வடக்கிலிருந்து தெற்காகப் பட்டை பட்டையாக த்ரெட்களுக்குப் பங்கு போட்டிருந்தான். தென்பெண்ணையும் கெடிலமும் விழுந்த பட்டைக்காரனுக்கு மூச்சு முட்டுகிறது, கேப்பர் மலை விழுந்தவன் வந்த வேகத்தில் முடித்துவிட்டுக் காத்திருக்கிறான். பட்டையை விட்டுவிட்டு, வேலை முடிந்த த்ரெட் அடுத்த சதுரத்தைத் தானே எடுத்துக்கொள்கிற மாதிரி மாற்றினோம். சரியானது.

அன்று மாலையே மறுபடி போன். "அக்கா, தண்ணி காணாம போகுது." மொத்த நீரின் கனஅளவை ஒவ்வொரு படியிலும் கூட்டிச் சரிபார்க்கும்படி நான்தான் சொல்லியிருந்தேன். அதே நிரல், அதே தரவு. ஒரு த்ரெட்டில் ஒரு விடை, இரண்டில் வேறு விடை. வித்தியாசம் பன்னிரண்டாவது இலக்கத்தில். தசம எண்களைக் கணினி கூட்டும்போது ஒவ்வொரு கூட்டலிலும் ஒரு துளி வெட்டுப்படும், எனவே முதல் இரண்டைக் கூட்டி மூன்றாவதைச் சேர்ப்பதும், கடைசி இரண்டைக் கூட்டி முதலாவதைச் சேர்ப்பதும் ஒரே விடை தராது. த்ரெட்கள் மாறினால் கூட்டும் வரிசை மாறும். ஒவ்வொரு சதுரத்துக்கும் தனித்தனியாகக் கூட்டி, அந்த விடைகளை எப்போதும் சதுர எண் வரிசையிலேயே சேர்க்கச் சொன்னேன். அதன் பிறகு எத்தனை த்ரெட் போட்டாலும் கடைசி இலக்கம் வரை ஒரே எண்.

ஜிபியு (வரைகலை அட்டை) கேட்பீர்கள். அவனும் கேட்டான். ஏ100 மாதிரி அட்டையில் மெமரி வேகம் விநாடிக்கு 1,500 ஜிபிக்கு மேல், நம் இரண்டு நடை கால் மில்லிவிநாடிகூட ஆகாது. ஆனால் கணினிக்கும் அட்டைக்கும் இடையிலான இணைப்பு பிசிஐ 3.0 என்றால் விநாடிக்கு 16 ஜிபிதான். 128 எம்பியை வெளியே எடுக்க 8 மில்லிவிநாடி. ஒவ்வொரு படியையும் வெளியே எடுத்துப் படம் போட ஆசைப்பட்டால், 5 மில்லிவிநாடி சிபியுவே மேல். எல்லாவற்றையும் அட்டையிலேயே வைத்துக்கொண்டு எப்போதாவது மட்டும் எட்டிப் பார்க்கத் தெரிந்தவர்கள் வாங்கலாம். அவன் படம் போடாமல் இருக்க மாட்டான்.

கடைசியில் எந்த மெஷினும் வாங்கவில்லை. 10 மீட்டர் கட்டம், இரண்டு த்ரெட், ஆற்றோரத்தில் மட்டும் அவர்கள் அலுவலகத்தின் ட்ரோன் சர்வே. ஒரு அரே 32 எம்பி. 5 மீட்டரோடு ஒப்பிட்டால் பதினாறில் ஒரு பங்கு வேலை. படுக்கப் போகும்போது ஓட விட்டால் காலையில் முடிந்திருக்கிறது. இப்போது கெடிலத்தில் ஒரு பாலத்துக்கு மேற்கே மட்டும் தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது. ட்ரோன் பாலத்தின் மேல்தளத்தைத் தரை என்று எடுத்திருக்கிறது, எங்கள் மாதிரிக்கு அது ஆற்றின் குறுக்கே ஒரு அணை. தரவில் பாலங்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருக்கிறோம்.